வெயிலில் குளிர்ந்த சிவப்பு

ஆவுடையப்பன் ஊருக்கே வெள்ளையடித்தவர். பேச்சுக்குச் சொல்லவில்லை. திருநெல்வேலியில் வெயில் படுகிற சுவர், மொட்டைமாடி, கோவில் மதில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் என்று எல்லாவற்றிலும் அவர் கண்டுபிடித்த வெள்ளைதான் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் வெயில் ஐம்பத்தொரு டிகிரிக்கு ஏறி, பதினோரு நாள் இறங்காமல் நின்றது. அந்தப் பதினோரு நாளில் ஜனங்கள் வீட்டுக்குள் இருந்தபடியே செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. வெயில் படும் எந்தப் பரப்பும் வெள்ளையாக இருக்க வேண்டும், அதுவும் வெப்பத் தடுப்பு வாரியம் ஒப்புக்கொண்ட வெள்ளையாக. வாரியம் ஒப்புக்கொண்டது ஆவுடையப்பனின் வெள்ளையை. அதைப் பூசிய வீட்டுக்குள் வெளியைவிட ஒன்பது டிகிரி குறைவாக இருந்தது. மறுவருஷமும் அதே வெயில் வந்தது, ஆனால் யாரும் சாகவில்லை.

ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது, ஒரு வருஷம். அப்புறம் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தது. மனுஷன் ஊருக்கே வெள்ளைச் சேலை கட்டிவிட்டுட்டாரே என்று காய்கறிக் கடையில் பெண்கள் பேசிக்கொண்டது அவர் காதிலேயே விழுந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் அடுத்த தெருவில் துக்கவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் வீடு வரையச் சொன்னால் பிள்ளைகள் காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தன. மத்தியானத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. உயிர் இருக்கிறதே, அது போதாதா என்று ஆவுடையப்பன் கேட்பார். போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் வீட்டில் கதை வேறு. அவர் மனைவி மரகதம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது வயதில் கண்ணின் நடுப்பார்வை மங்கத் தொடங்கி, எழுத்து போயிற்று, முகங்கள் போயின. நிறம் மட்டும் மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டே அவள் ஊரில் தனியாக நடமாடினாள். மஞ்சள் வீட்டில் திரும்பினால் பால்கடை, நீலச் சுவர் முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம், பச்சைக் கேட்டுக்கு அடுத்தது நம்ம வீடு. கணக்கு டீச்சர் அல்லவா, ஊரையே மனசுக்குள் கோடு போட்டு வைத்திருந்தாள். சட்டம் வந்த வருஷம் அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் அழிந்தன. இரண்டு முறை வழி தவறி யார் யாரோ கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது முறை அவள் போகவில்லை, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆவுடையப்பனிடம் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது அவள் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார். அவருக்குச் சோறு இறங்காது.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. வேறு எந்த நிறமாவது, வெள்ளைக்குச் சமமாக, உச்சி வெயிலில் தொடர்ந்து முப்பது நாள் குளிர்ச்சியாக நின்று காட்டினால் அதையும் அனுமதிக்கலாம். பத்து வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சந்தை வைக்கச் சொன்னதே ஆவுடையப்பன்தான். அந்தப் பத்து வருஷம் இந்த மே முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குப் பிறகு வெள்ளை நிரந்தரம், மரகதத்துக்கு ஜன்னலும் நிரந்தரம்.

எட்டு வருஷம் தன் ஆய்வகத்தில் தனியாக முட்டி மோதினார். சிவப்பு, மஞ்சள், பச்சை எது கலந்தாலும் பலகை வெயிலில் தோசைக்கல்லாகக் கொதித்தது. போன வருஷம் வாரியம் ஆய்வகத்துக்கு ஓர் ஓவியரை அனுப்பியது. யார் மூளையில் உதித்த யோசனையோ, கெமிஸ்டுகளும் ஓவியர்களும் சேர்ந்து வேலை பார்த்தால் புதிதாக ஏதாவது பிறக்கும் என்று திட்டம். ஆவுடையப்பனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் சுத்தத்தில் ஒரு மாதிரியான ஆள். எங்கே போனாலும் பையில் சொந்தத் தம்ளர் இருக்கும், அதிலும் அண்ணாந்துதான் குடிப்பார். அப்படிப்பட்டவரின் கண்ணாடி அறைக்குள், தூரிகைகளை ஒரு பழைய முறுக்கு டின்னில் போட்டுக்கொண்டு ருகையா வந்து நின்றாள்.

ருகையாவுக்கு நாற்பத்து நாலு வயது, மேலப்பாளையம். பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுவரோவியம் எழுதுகிறவள். வெளிச்சுவர் எல்லாம் வெள்ளையான பிறகு உள்சுவர்களில் பிழைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே ஆவுடையப்பன் பதினாலு பாதுகாப்பு விதிகளை நீட்டினார். நாலாவது விதி, ஆய்வகப் பொருள் எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது, மீறினால் அன்றோடு வேலை போகும். அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டே கையெழுத்துப் போட்டாள். பிறகு வரிசையாகச் சாத்தியிருந்த அவருடைய சிவப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது சிவப்பில்ல. சிவப்புன்னு பேரெழுதி ஒட்டின சாமான்."

ஆவுடையப்பன் தப்பாகத்தான் நினைத்தார். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பொறுக்க முடியாமல் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டார். அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, உச்சியில் ஒரு முறை, சாயங்காலம் ஐந்துக்கு ஒரு முறை அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வைத்தாள். காலையில் சுமாராக இருந்த சிவப்பு மத்தியானத்தில் செங்கல்தூளாக வெளுத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் அவர் நிறத்தை விளக்கடியில் வைத்து அளந்திருக்கிறாரே தவிர, வெயிலில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவழியாக ஒத்துப்போனார்கள். அவள் தனக்கு வேண்டிய சிவப்பைச் சொல்வாள், மிளகாய் வற்றல் வேண்டாம், செடியில் இருக்கிற பழம் வேண்டும் என்பாள். அவர் அதற்கு எந்த இரும்புத் துருவை எந்த அளவுக்கு நைசாக அரைக்க வேண்டும் என்று ராத்தூக்கம் கெட்டு யோசிப்பார். தடிமனாகப் பூசாதீங்க, மெலிசாக ஆறு தடவை பூசினால் நிறம் உள்ளேயிருந்து வரும் என்று அவள் சொன்னது அவருக்கு வேதியியலாகவே சரியாகப் பட்டது. செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைக்க அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். சாயம் பலகையில் நிற்காமல் வழிந்தபோது, நாங்க கொஞ்சம் அரிசிக்கஞ்சி ஊத்துவோம் சார், பிடிச்சுக்கிடும் என்றாள். ஆய்வகத்தில் கஞ்சியா என்று முகம் சுளித்தவர், ஒரு வாரம் கழித்து அரிசி மாவை வேகவைத்து, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளாக்கிக் கொண்டுவந்தார். அதைக் கலந்ததும் சாயம் சமத்தாக நின்றது.

முப்பத்தொன்றாம் பலகை தை மாதத்தில் வந்தது. உலர்ந்ததும் ஒருமுறை தண்ணீரில் அலசி, உச்சி வெயிலில் வைத்தார்கள். காற்று முப்பத்தாறு டிகிரி. பலகை முப்பத்து நாலு. ஆவுடையப்பன் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார், மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாம் முப்பத்து நாலு என்றே சொன்னது. கெட்டுப்போச்சா சார் என்று ருகையா பயந்து கேட்டாள். இல்லம்மா, நல்லாயிருச்சு என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்காதபடி வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

முப்பது நாளும் அது குளிர்ச்சியாகவே நின்றது. அடுத்து ருகையா பூசிய எட்டுப் பலகைகளும் நின்றன. ஆனால் அதே சாயத்தை மெஷின் உருளையில் பூசினால் கொதித்தது. ஆவுடையப்பன் கையால் பூசினாலும் கொதித்தது. அவர் தூரிகையை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், அவளுடைய கை வியர்வையோ என்று கையுறை போடச் சொன்னார். அவள் பூசினால் எப்படியும் குளிர்ந்தது. அவள் கண்ணாடி அறைக்குள் பூசும்போது இவர் வெளியே உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அவளும் தன் கை செய்ததை எல்லாம் நோட்டில் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

காரணம் தெரியாமல் ஒன்று நடப்பது அவருக்குச் செருப்புக்குள் கல் மாதிரி. ஆனால் நாள் நெருங்கிவிட்டது. விண்ணப்பத்தோடு புதிதாக ஆறு பலகைகளும் காட்ட வேண்டும், வாரியத்தின் குழு மே இருபத்தாறாம் தேதி வருகிறது. சரி, ருகையாவே பூசட்டும் என்று விட்டுவிட்டார். மே பன்னிரண்டிலிருந்து பதினாலுக்குள் அவள் ஆறையும் பூசி முடித்தாள். பதினாறாம் தேதி மத்தியானம் காற்று நாற்பத்து நாலு. ஆறு பலகைகளும் ஐம்பத்திரண்டு.

அன்றைக்கு ஆவுடையப்பன் நிதானம் தவறிவிட்டார். என்னத்தையோ மாற்றிவிட்டாய், அவசரத்தில் ஒரு பூச்சை விட்டுவிட்டு நோட்டில் ஆறு என்று எழுதிவிட்டாய் என்று குரலை உயர்த்தினார். ருகையா கையிலிருந்த தூரிகையைக் கழுவித் துடைத்து முறுக்கு டின்னில் வைத்தாள்.

"நோன்பு வச்சிருக்கேன் சார். தண்ணிகூட குடிக்காம நிக்கேன். பொய் எழுதுவேனா?"

அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். வீட்டில் மரகதம் முழுவதையும் கேட்டாள். சிவப்பு தோற்றதைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. அந்தம்மாவைப் பேசியது தப்பு, சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ஆவுடையப்பன் மறுபேச்சுப் பேசாமல் பஸ் ஏறினார்.

மேலப்பாளையத்தில் அவர் இறங்கியபோது நோன்பு திறக்கிற நேரம். ருகையாவின் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். அதெல்லாம் அப்புறம் சார், முதலில் உட்காருங்கள் என்று நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் வந்தது. கறி போடவில்லை, வெறும் தேங்காய்ப்பால்தான் என்று அவள் தானாகவே சொன்னாள். அவர் ஸ்பூனைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். நன்றாகவே இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெருநாளைக்குள் கொடுக்க வேண்டிய படம் ஒன்று சுவரோரம் பாதியில் நின்றது. ருகையா கஞ்சியைக் குடித்துவிட்டு, அவரோடு பேசிக்கொண்டே அதன் முன்னால் உட்கார்ந்தாள். தூரிகையைச் சாயத்தில் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்தாள். முனை பிரிந்தது. அதை உதட்டுக்கு நடுவில் வைத்து ஈரப்படுத்தி, ஊசி முனையாக்கி எடுத்து, மறுபடி சாயத்தில் தொட்டாள்.

ஆவுடையப்பனின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"இப்போ என்ன பண்ணீங்க?"

"இலைக்கு நரம்பு போடுதேன் சார்."

"அதுக்கு முன்னால. தூரிகைய வாயில வச்சீங்க."

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கையில் தூரிகை ஈரமாக இருந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. பதினெட்டு வயதிலிருந்து இப்படித்தான் முனை சேர்ப்பதாகவும், தனக்கே தெரியாமல் செய்திருக்கலாம் என்றும், நாலாவது விதி ஞாபகம் இருப்பதாகவும் தடுமாறிச் சொன்னாள். நோன்பு நேரத்தில் மட்டும் வாயருகே எதையும் கொண்டுபோவதில்லை, அது உடம்புக்கே தெரியும்.

ஆவுடையப்பன் சிரிக்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ருகையாம்மா, சோத்த ரொம்ப நேரம் மென்னா கடைசில இனிக்கும்லா? ஏன் இனிக்கு? எச்சில்ல ஒரு சத்து இருக்கு, அது மாவ அறுத்துச் சக்கரையாக்கிரும். நம்ம சாயத்துல என்ன கிடக்கு? கஞ்சி உருண்டை. நீங்க ஒவ்வொரு தடவ தொடும்போதும் டப்பாக்குள்ள எச்சில் போயிருக்கு. சாயம் காயறதுக்குள்ள அது உருண்டைய எல்லாம் தின்னுருச்சு. அலசும்போது சக்கரை கரைஞ்சு போயிருது. உருண்டை இருந்த இடத்துல என்ன மிஞ்சும்?"

"ஓட்டை," என்றாள் ருகையா.

"ஓட்டைதான். கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டை. வெயில்ல பாதி நமக்குத் தெரியுத வெளிச்சம், பாதி தெரியாத சூடு. சிவப்பு தெரியணும்னா வெளிச்சத்துல கொஞ்சம் எடுத்துக்கிட்டாப் போதும். அந்தச் சூட்ட அவ்வளவையும் இந்த ஓட்டைங்க திருப்பி அனுப்பிருது."

துருவைச் சாயமாக எடுத்துக்கொண்டது எவ்வளவு நல்லதாயிற்று, ஈயம் எதுவும் இருந்திருந்தால் உங்கள் கதி என்ன என்று அவர் அதற்குப் பிறகுதான் கோபப்பட்டார். இனி நாலாவது விதியை மீறவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, ஒரு சீசா நிறைய எச்சில் வேண்டும் என்று கேட்டார். நோன்பு திறந்த பிறகு தருவதாக அவள் ஒப்புக்கொண்டாள். இரண்டு நாளில் அதைக் கலந்து மெஷின் உருளையில் ஆறு பலகை பூசினார்கள். ஆறும் காற்றைவிடக் குளிர்ந்தன.

சந்தோஷம் ஒருநாள்தான் நீடித்தது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு சேர்மானத்தையும் எழுத வேண்டும், அது எங்கிருந்து எடுத்தது என்றும் எழுத வேண்டும். முளைகட்டிய கேழ்வரகிலும் இதே சத்து உண்டு. ஆனால் கேழ்வரகுப் பலகைக்கு முப்பது நாள் கணக்கு வேண்டும், கையிலிருப்பது பன்னிரண்டு நாள். முப்பது நாள் நின்று காட்டியது ருகையாவின் எச்சில் மட்டும்தான்.

கேழ்வரகு என்றே எழுதிவிடுங்கள் என்று ருகையா கெஞ்சினாள். ஆவுடையப்பனும் அப்படித்தான் முதலில் எழுதினார். யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. மறுநாள் காலையில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டதும் அவள் பயந்துபோனாள்.

"உங்களுக்குத் தெரியாது சார். ஒரு பாய்வீட்டுப் பொம்பள எச்சில நம்ம சுவத்துல பூசுதாங்கன்னு ஊரே பேசும். எனக்கு இனி ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரும் கிடைக்காது."

"தெரியும்மா. என் வீட்டுலயே எங்கப்பா இருந்திருந்தா அப்படித்தான் பேசியிருப்பாரு. நேத்து வரைக்கும் நானே பேசியிருப்பேன். ஆனா பொய் எழுதி வச்சா, நாளைக்கு ஒருத்தன் அதைப் பாத்துச் செய்வான், வராது. என்னைப் பொய்யன்னு சொன்னா சொல்லட்டும். உங்க சிவப்பப் பொய்னு சொல்லிருவான். அத என்னால தாங்க முடியாது."

அவள் கிழிந்த தாள்துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு, அப்படியானால் என் பேரையும் முழுசாக எழுதுங்கள் என்று சொன்னாள். இரண்டு பேர் பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது.

குழுவுக்குத் தலைவர் தாட்சாயணி, வாரியத்தின் தலைமைப் பொறியாளர். சிரிக்காத முகம். பலகைகளைத் தொட்டுப் பார்த்தார், அளந்தார், தாளைப் படித்தார். உமிழ்நீர் என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார்.

"எச்சிலா?"

"எச்சில்தான் மேடம்," என்றார் ஆவுடையப்பன்.

கூட வந்த உறுப்பினர் ஒருவர் பலகையிலிருந்து கையை எடுத்து மெதுவாகக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தாட்சாயணி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எச்சில் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை என்றார். அதே சமயம், ஜனங்களுக்குத் தெரியாமல் அவர்கள் வீட்டில் இதைப் பூசவும் முடியாது. ஒரே ஒரு தெருவில் முப்பது நாள் பார்க்கலாம். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் சேர்மானத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் கோப்பை மூடிவிடுவேன் என்றார்.

ஆவுடையப்பன் தன் தெருவையே கேட்டார். வாய்க்கால் தெரு, இருபத்திரண்டு வீடு. முதல் நாள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். நிறம் என்றதும் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது, சேர்மானம் என்றதும் சுருங்கியது. சிலர் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினார்கள். சிலர் பூஜை அறைச் சுவரும் வெளிச்சுவரும் ஒன்றுதானே என்று நியாயம் கேட்டார்கள். இரண்டாம் நாளும் அதே கதை. ஒரு கையெழுத்தும் விழவில்லை. மரகதம் நடையில் உட்கார்ந்து, அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சொர்ணத்தம்மாள் அவரைக் கூப்பிட்டாள். ஒரு சந்தேகம் என்றாள். அந்தம்மா எச்சில்தான் வேண்டுமா, இல்லை யார் எச்சிலானாலும் சரிதானா என்று கேட்டாள். யாருடையதானாலும் சரிதான் என்றார் அவர். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு எங்கள் எச்சில், அதில் என்ன தீட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இதை மதிலுக்கு மேலே நின்று கேட்டவர்கள் மற்ற வீடுகளுக்குச் சொன்னார்கள். விளக்கு வைப்பதற்குள் இருபத்திரண்டு கையெழுத்தும் வந்து சேர்ந்தது.

ருகையாவிடம் அவர் இதை ஓடிப்போய்ச் சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் முழுசாக இல்லை. அவங்க எச்சில் ஆகும், என் எச்சில் ஆகாது, சரி சார், சுவர் சிவந்தாப் போதும் என்றாள்.  அந்தப் பேச்சு அவர் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

பெருநாள் முடிந்ததும் வேலை தொடங்கியது. அப்படி ஒரு காட்சியை அந்த ஊர் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்து ஆளாளுக்குப் பொரியை மென்று அவரவர் சட்டியில் துப்பினார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே சட்டிக்குத் துப்பும்போது யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆவுடையப்பன் ஒவ்வொரு சட்டியையும் வாங்கி வடிகட்டிச் சாயத்தில் கலந்தார். தன் வீட்டுக்குத் தானே மென்று, கதவைச் சாத்திக்கொண்டு துப்பினார். ருகையா இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு பூசினாள். கஞ்சி உருண்டையும் எச்சிலும் இருந்தால் துருவுக்குப் பதில் எந்தச் சாயத்தைக் கலந்தாலும் குளிர்ந்தது. எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்பதை மரகதத்தோடு உட்கார்ந்து முடிவு செய்திருந்தாள். அடுத்தடுத்த வீடுகள் மரகதத்தின் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும், அதே சமயம் தெரு கண்ணை உறுத்தக் கூடாது. பச்சை, வெளிர்நீலம், காவி, கத்தரிப்பூ என்று தெரு ஒரு பக்கத்திலிருந்து நிறைந்துகொண்டே வந்தது. ஆவுடையப்பன் வீடு கடைசியில், மிளகாய்ப் பழச் சிவப்பில்.

முப்பதாம் நாள் உச்சி வெயிலில் தாட்சாயணி வந்து சுவர் சுவராக அளந்தார். இருபத்தொரு வீடுகள் காற்றைவிடக் குளிர்ந்திருந்தன. கடைசி வீட்டில் வெப்பமானியை வைத்தவர், மறுபடியும் வைத்தார். காற்றைவிட ஐந்து டிகிரி அதிகம். இந்த முப்பது நாளும் தன் வீடு மட்டும் ஏன் புழுங்குகிறது என்று ஆவுடையப்பனுக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. வெயில் திசை, ஓட்டுச் சரிவு என்று என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் வெயில் இல்லை. அந்தச் சத்து சிலர் எச்சிலில் பிறவியிலேயே நிறைய இருக்கும், சிலருக்குக் கிட்டத்தட்ட இருக்காது. வெள்ளையும் சிவப்பும் கண்டுபிடித்த மனுஷன் வாயில் அது இல்லை. இதை அவரே தெருவில் நின்று எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. தெரு தேர்ந்ததா தோற்றதா என்று கோப்பில் எழுத நாளை மறுநாள் மத்தியானம் வரை நேரம் தருவதாகத் தாட்சாயணி சொன்னார். அதற்குள் இந்தச் சுவர் குளிர வேண்டும், இல்லாவிட்டால் தெரு முழுக்க வெள்ளைதான்.

ஆவுடையப்பன் உள்ளே ஓடிப்போய் மரகதத்தின் முன்னால் ஒரு சட்டியை வைத்தார். அவள் அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

"எங்கிட்ட கேக்காதீங்க. கேக்க வேண்டியவங்ககிட்ட போய்க் கேளுங்க. வாசல்ல வச்சுக் கேளுங்க, எல்லாரும் இருக்கும்போது."

அவர் வெளியே வந்தார். வாய்க்கால் தெரு முழுவதும் அங்கேதான் நின்றது. ருகையா தன் டின்னை மூடிக்கொண்டு ஓரமாக நின்றாள். அவருக்கு வாய் காய்ந்துபோயிருந்தது. ஆனாலும் குரலைத் தணிக்காமல் கேட்டார்.

"ருகையாம்மா, எங்க வீட்டுக்கு உங்க எச்சில் வேணும்."

 ருகையா அவரைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள். சொர்ணத்தம்மாள்தான் முதலில் அசைந்தாள். உள்ளே போய் ஒரு கிண்ணம் பொரி கொண்டுவந்து ருகையாவின் கையில் கொடுத்து, நிழலில் உட்கார்ந்து மெல்லும்மா என்று தன் வாசலில் இடம் காட்டினாள். ருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டே மென்றாள். அன்று சாயங்காலமே சுவரைப் பூசினார்கள், மறுநாள் அலசினார்கள். அதற்கு மறுநாள் உச்சியில் தாட்சாயணி வெப்பமானியைச் சுவரில் வைத்தார், பிறகு உள்ளங்கையையே வைத்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆவுடையப்பன் கூடவே கிளம்பினார். வேண்டாம், நில்லுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அவள் தனியாகப் படியிறங்கினாள்.

முதல் பத்தடி தயங்கித் தயங்கி நடந்தாள். காவியைத் தாண்டியதும் நடை மாறியது. வெளிர்நீலம், பச்சை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சத்தமாக நிறம் சொல்லிக்கொண்டே போனாள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரலில். வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்து, ஆமா டீச்சர் என்று பதில் சொன்னார்கள். தெருக்கோடிக்குப் போய்த் திரும்பினாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஒன்பது வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனுஷி கைவீசி நடந்து வருவதை ஆவுடையப்பன் கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவப்புக்கு முன்னால் வந்து சரியாக நின்றாள். கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள்.

"நம்ம வீடு."

அவர் கேட்டை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மரகதம் உள்ளே வரவில்லை.

"சாத்திக்கோங்க. நான் இன்னொரு தடவ போயிட்டு வாரேன்."